டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு (2014): 290ஆம் பக்கத்தில் தொடங்குங்கள்

மூன்று வருஷமாக மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பகடை உருட்டிக் கதைக்குள் விளையாடுகிற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் ஓடுகிறது. நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன். மற்ற நான்கு பேரும் ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு விளையாடுவார்கள், அவர்கள் நுழைகிற பாழடைந்த நிலவறை (அதுதான் டஞ்சன்), அதற்குள் இருக்கும் மிருகம், கை வைத்தால் கடிக்கிற புதையல் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்வது என் வேலை. அந்த வேலைக்கு நான் அதிகம் புரட்டியது ஐந்தாம் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு. 2014 டிசம்பரில் வந்தது, 320 பக்கம், அட்டை விலை 49.95 டாலர். இங்கே இறக்குமதியாகிக் கைக்கு வரும்போது சின்னத் தொகை இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுப் புத்தகத்தையும் இங்கே அலசப்போவதில்லை. உலகம் படைப்பது, தெய்வங்கள், பிற உலகங்கள் என்று முதல் இரண்டு அத்தியாயம் போகிறது, நல்ல வாசிப்புதான், ஆனால் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு உதவாது. புதிதாக வாங்குகிறவர் பலர் அங்கே தொடங்கி, பாதியில் களைத்து, புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அறை, மிருகம், மந்திரப்பொருள், இந்த மூன்றையும் இந்தப் புத்தகத்தை வைத்து எப்படிக் கட்டலாம், எங்கே அது கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பது மட்டும்தான் இந்த விமர்சனம்.

அறைகளில் ஆரம்பிப்போம், ஏனென்றால் புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 99ஆம் பக்கத்தில் ஒரு டஞ்சனுக்கு நான்கு கேள்வி கேட்கிறது: எங்கே இருக்கிறது, யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள், அதற்குப் பிறகு என்ன ஆனது. நான்குக்கும் அட்டவணை உண்டு, பகடை உருட்டிப் பதில் எடுக்கலாம். கட்டியவர்கள் பட்டியலில் மனிதர், எல்ஃப் இனத்தவர், ராட்சதர், செத்தும் சாகாத மந்திரவாதியான லிச் என்று வருகிறார்கள். எதற்கு என்பதில் கல்லறை, சுரங்கம், கோயில், கோட்டை, கருவூலம், ஆளைக் கொல்வதற்கென்றே கட்டிய பொறி என்று போகிறது. என்ன ஆனது என்பதில் கொள்ளைநோய், படையெடுப்பு, உள்சண்டை, மந்திரம் தவறிப்போன விபத்து. பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் இந்த நான்கையும் முதலில் முடிவு செய்துவிட்டால் அப்புறம் எந்த அறையும் சும்மா இருக்காது.

எனக்கு விழுந்ததைச் சொல்கிறேன். கட்டியவர்கள் ட்வார்ஃப் எனும் குள்ளர் இனத்தவர், கட்டியது கல்லறை, கைவிடப்பட்டது கொள்ளைநோயால். இறந்தவர்களை மரியாதையாக வைக்கக் கட்டிய இடம், நோய் வந்ததும் வைக்க இடம் போதாமல் நிரம்பி வழிந்திருக்கும் இல்லையா? இது புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. மூன்று பகடையும் ஒன்றாக விழுந்ததும் எனக்குத் தானாகத் தோன்றியது.

இனி 290ஆம் பக்கம். பின்னிணைப்பு ஏ, தற்செயல் டஞ்சன். நடைபாதை எவ்வளவு தூரம் போகிறது, கதவு எந்தப் பக்கம், அறை சதுரமா வட்டமா என்று பகடை உருட்டி உருட்டி வரைபடம் போடலாம். அந்த வரைபடப் பகுதி எனக்குச் சுமார்தான், உருட்டிக்கொண்டே போனால் அறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், கடைசியில் நாம்தான் அழித்து வரைய வேண்டும். தங்கம் இருப்பது அதற்குப் பின்னால். டஞ்சனின் வகைக்கு ஏற்ப, இந்த அறை முன்பு என்னவாக இருந்தது என்று ஓர் அட்டவணை. கல்லறை என்றால் பூசாரிகள் உடை மாற்றும் அறை, இறந்தவரின் பெருமையைச் சொல்லும் சிலைக்கூடம், திருடனைப் பிடிக்கக் கட்டிய போலிக் கல்லறை, சடலத்தைப் பதப்படுத்தும் பட்டறை என்று வரும். உடனே இன்னொரு அட்டவணை: அந்த அறை இப்போது எந்த நிலையில் இருக்கிறது. கூரை பாதி இடிந்தது, தரை உள்வாங்கியது, எரிந்து சாம்பலானது, தண்ணீர் தேங்கியது, யாரோ தங்கிப் போனது, சாமான் உடைந்து கிடப்பது, ஒன்றுமில்லாமல் துடைத்து எடுத்தது. இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் மட்டும் அன்று இருந்தபடியே இன்றும்.

பழைய பயன் ஒன்று, இன்றைய நிலை ஒன்று. இரண்டையும் சேர்த்தால் கதை வந்துவிடுகிறது, அதை நான் வேறெந்த ஆட்டப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாகப் பார்த்ததில்லை. எனக்குப் பட்டறை விழுந்தது, நிலை: யாரோ தங்கிப் போனது. பிணம் பதப்படுத்துகிற இடத்தில் யார் போய்த் தங்குவார்கள்? அரைமணி நேரம் யோசித்தேன். வெளியே நோய், உள்ளே பிணம், வெளியே போக முடியாமல் கல்லறையைப் பராமரித்த ஒரு குடும்பம் இங்கேயே மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்தேன். விளையாடும்போது நான் விவரித்தது இவ்வளவுதான்: சடலம் கிடத்தும் கல்மேடை, அதன் மேலேயே மூன்று கல் வைத்த அடுப்பு, கரி படிந்த ஒரு பானை, கீழே பெரிய செருப்பு இரண்டு ஜோடி, சின்னதாக ஒரு ஜோடி, சுவரில் நாள் கணக்குக்குக் கீறிய 41 கோடு. சண்டையும் இல்லை, பொறியும் இல்லை. மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் திருடன் கேரக்டர் ஆடுகிற பெண் மெதுவாக, "அண்ணா, பானைக்குள்ள என்ன இருக்கு?" என்றாள். ஒரு வருஷம் கழித்தும் அவர்கள் பேசுவது அந்த அறையைப் பற்றித்தான்.

பொறிகள் 120ஆம் பக்கத்தில் ஆரம்பம். மூன்று தரம் பிரித்திருக்கிறார்கள்: பின்னடைவு, ஆபத்து, மரணம். கேரக்டர் வளர வளர ஏறும் லெவல் வாரியாக எத்தனை பகடை சேதம் என்று தெளிவான அட்டவணை, முதல் நான்கு லெவலுக்கு டி10, அதாவது பத்து முகப் பகடை, முறையே ஒன்று, இரண்டு, நான்கு. இந்த அட்டவணை நல்லது. ஆனால் அதே பகுதியில் மாதிரியாகக் கொடுத்திருக்கும் பொறிகளை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். இடிந்து விழும் கூரைப் பொறியை எடுங்கள். தரையிலிருந்து 3 அங்குல உயரத்தில் கம்பி, தட்டினால் நான்கு டி10 சேதம், சராசரி 22. முதல் லெவல் மந்திரவாதிக்கு இருப்பதே எட்டு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியத்துக்குப் போன பிறகும் 14 சேதம் மிச்சம், அது அவருடைய முழு ஹிட் பாயிண்டையும் தாண்டுகிறது, ஆகவே மயக்கம்கூடக் கிடையாது, விதிப்படி அந்த இடத்திலேயே சாவு. தப்பிக்க உருட்டுகிற பகடை (சேவ்) வெற்றி பெற்றால் பாதிதான், உண்மை, ஆனாலும் ஒரு கம்பிக்காக முதல் நாளே ஆளை இழப்பது யாருக்கும் பிடிக்காது. மாதிரிப் பொறிக்குப் பக்கத்தில் இது எந்த லெவலுக்கு என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்.

மிருகங்களுக்கு வருவோம். இந்தப் புத்தகத்தில் மிருகங்களின் புள்ளிவிவரம் கிடையாது, அதற்கு மான்ஸ்டர் மேனுவல் என்ற புத்தகம் தனியாக வேண்டும். இங்கே இருப்பது மூன்று விஷயம்: எந்தச் சூழலில் எது வாழும் என்ற பட்டியல், எத்தனை மிருகம் வைத்தால் எவ்வளவு கடினம் என்ற கணக்கு, சொந்தமாக மிருகம் உருவாக்கும் வழி.

கணக்கு சரியாகத்தான் வருகிறது, போடுவதுதான் சிரமம். மூன்றாம் லெவல் ஆட்கள் நான்கு பேர் என்றால் நடுத்தரச் சண்டைக்கு 600 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி. கோப்ளின் என்ற குட்டி மிருகம் ஒன்றுக்கு 50. அப்படியானால் பன்னிரண்டு கோப்ளின் வைக்கலாம் என்று நினைப்பீர்கள், ஆனால் எண்ணிக்கை கூடக்கூடப் பெருக்க வேண்டும், மூன்று முதல் ஆறு வரை இரண்டால், ஆகவே ஆறுதான். இந்தப் பெருக்கலை 2024இல் வந்த புதிய பதிப்பில் எடுத்துவிட்டார்கள், அது நல்ல முடிவு.

மிருகம் உருவாக்கும் பகுதி ஒன்பதாம் அத்தியாயத்தில். இதில்தான் எனக்கு உண்மையான குறை. சேலஞ்ச் ரேட்டிங், அதாவது மிருகம் எவ்வளவு கடினம் என்ற எண், வாரியாக ஒரு பெரிய அட்டவணை கொடுத்து, இவ்வளவு ஹிட் பாயிண்ட், இவ்வளவு சேதம் என்கிறார்கள். ரேட்டிங் 1க்கு 71 முதல் 85 ஹிட் பாயிண்ட். இப்போது மான்ஸ்டர் மேனுவலைத் திறந்து அதே ரேட்டிங்கில் இருக்கும் பக்பேர் என்ற மிருகத்தைப் பாருங்கள், அதற்கு 27. ரேட்டிங் 3க்கு அட்டவணை 101 முதல் 115 வரை கேட்கிறது, ஆந்தைக்கரடிக்கு இருப்பது 59. தாக்குதலையும் தற்காப்பையும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுக்கச் சொல்கிறார்கள், அதனால் அட்டவணை தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் புதிதாக வருகிறவர் அட்டவணையை அப்படியே எழுதிக்கொள்வார், நானும் அப்படித்தான் எழுதினேன், சண்டை ஒன்றரை மணி நேரம் இழுத்தது. வெட்டு, குத்து, இன்னும் சாகவில்லை, மறுபடி வெட்டு. இப்போது நான் செய்வது: அட்டவணையின் ஹிட் பாயிண்டில் பாதியை எடுத்து, சேதத்தை அந்த வரிசையின் உச்சத்துக்கு ஏற்றுவேன். சண்டை சுருக்கமாகவும் பயமாகவும் இருக்கும். அதே அத்தியாயத்தில் மிருகங்களின் குணாதிசயங்களை வரிசையாகப் போட்டு, எது ரேட்டிங்கை எவ்வளவு மாற்றும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதை மட்டும் நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணை விட முக்கியமான ஒன்றை இந்த அத்தியாயம் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் எண்ணம். மிருகம் என்ன தின்னும்? இந்த ஆட்டத்தின் ஆதி மிருகங்களில் சில பிறந்த விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைக் கடையில் வாங்கி வந்து மேசையில் வைத்தார், அந்த உருவங்களிலிருந்து ஆந்தைக்கரடியும் புலெட்டும் ரஸ்ட் மான்ஸ்டரும் வந்தன. ரஸ்ட் மான்ஸ்டரை எடுங்கள்: ஏதோ ஒரு பூச்சி பொம்மை, அதற்கு ஒரு பசியைக் கொடுத்தார், இரும்பைத் தின்னும் என்று. அதோடு முடிந்தது, கவசம் போட்ட வீரர்கள் இன்றுவரை அதைப் பார்த்தால் ஓடுகிறார்கள். அதன் கடியில் பெரிய சேதம் கிடையாது. கவசம் போய்விடும் என்ற பயம்தான் ஓட வைக்கிறது.

என் கல்லறையில் நான் வைத்தது ஜெலட்டினஸ் கியூப். பத்தடிக்குப் பத்தடி கண்ணாடி மாதிரி ஒரு கூழ்ப்பெட்டி, மெதுவாக நகரும், வழியில் கிடக்கும் எதையும் விழுங்கிக் கரைத்துவிடும், அசையாமல் நின்றால் கண்ணில் படுவதே கஷ்டம். நடையின் அகலத்தையும் பத்தடி என்று போட்டுவிட்டேன், பெட்டி நடையை அடைத்துக்கொண்டு போகும். இப்போது பசியின் தடயம் என்ன? கல்லறை முழுக்க நூற்றாண்டுத் தூசி, எலும்பு, சிலந்தி வலை. அந்த ஒரு நடையில் மட்டும் தரை பளிச்சென்று இருக்கிறது. இதை நான் சொன்னதும் நண்பன் ஒருவன், "இங்க மட்டும் யாருடா பெருக்கினது?" என்று கேட்டுவிட்டுத் தீப்பந்தத்தைத் தூக்கி முன்னால் எறியச் சொன்னான். பந்தம் அந்தரத்தில் நின்று, அப்படியே அணைந்தது. அவர்களுக்கு யோசிக்க ஒரு தடயம் கிடைத்தது, யோசித்ததால் தப்பித்தார்கள். இப்படி வைக்க இந்தப் புத்தகம் நேரடியாகக் கற்றுத்தராது, ஆனால் அறையின் பழைய பயன், இன்றைய நிலை என்று யோசிக்கப் பழகியவருக்கு இது தானாக வரும்.

மந்திரப்பொருள் ஏழாம் அத்தியாயம், புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அதுதான் எடுத்துக்கொள்கிறது, படங்களும் அருமை. விலை அதிகம் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: எஸ்ஆர்டி 5.1 என்ற விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டுவிட்டார்கள், நான் கீழே சொல்லப்போகிற பொருட்கள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன, பொறிகளும் இருக்கின்றன. ஆகவே பொருட்களுக்காக மட்டும் இந்தப் புத்தகத்தை வாங்க வேண்டாம். பின்னிணைப்பு ஏ அதில் இல்லை.

ஆபத்தான பொருள் என்றாலே எல்லோரும் சொல்வது டெக் ஆஃப் மெனி திங்ஸ். இந்த ஆட்டத்தின் 1975 கிரேஹாக் துணைநூல் காலத்திலிருந்து இருக்கிற சீட்டுக்கட்டு, 13 சீட்டு அல்லது 22 சீட்டு. எத்தனை எடுக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். மூன் என்ற சீட்டு வந்தால் ஒன்று முதல் மூன்று வரம், த்ரோன் வந்தால் ஒரு சிறு கோட்டை, வாய்ட் வந்தால் உடல் இங்கேயும் ஆன்மா வேறெங்கோ சிறையிலும், ரூயின் வந்தால் மந்திரமில்லாத சொத்து மொத்தமும் காலி. அழகான பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் நடந்துகொண்டிருக்கும் கதைக்குள் இதை வைப்பதற்கு முன் நூறு தடவை யோசியுங்கள், ஒரு வருஷமாக நாலு பேர் சேர்ந்து வளர்த்ததை ஒரு சீட்டு ஐந்து நிமிஷத்தில் கலைத்துவிடும். ஒரே நாளில் முடிகிற ஆட்டம், அல்லது கதையின் கடைசி மாதம், அங்கே வைத்தால் ஜொலிக்கும்.

என் மனதுக்கு நெருக்கமானது அதைவிடச் சின்னப் பொருள், ஷீல்ட் ஆஃப் மிசைல் அட்ராக்ஷன். கையில் பிடித்திருந்தால் அம்பு போன்ற தூரத் தாக்குதலின் சேதம் பாதியாகும். சாபம் என்னவென்றால், உங்களைச் சுற்றி பத்தடிக்குள் இருக்கும் யார் மேல் அம்பு எய்தாலும் அது உங்கள் மேல்தான் வரும். கேடயத்தைக் கழற்றி வீசினாலும் சாபம் போகாது. அதாவது வீசினால் அம்பு மட்டும் வரும், பாதுகாப்பு இருக்காது. எவ்வளவு யோசித்துச் செய்த பொருள் பாருங்கள்! பயந்தாங்கொள்ளிக்குத் தண்டனை, தோழனுக்காக நிற்பவனுக்கு வரம். பேக் ஆஃப் டிவவரிங் இதற்கு நேர் எதிர், சாதாரண மந்திரப்பை மாதிரியே இருந்து கையை விட்டவரை உள்ளே இழுத்து விழுங்கப் பார்க்கும், அதில் விளையாடுகிறவர் எடுக்கிற முடிவு ஒன்றுமே இல்லை. நான் அதை வைத்ததே இல்லை.

138ஆம் பக்கத்தில் சாபம் பற்றி ஒரு வரி வருகிறது, பலர் பாதிதான் படிக்கிறார்கள். பொருளை அடையாளம் காட்டும் மந்திரம்கூடப் பெரும்பாலும் சாபத்தைக் காட்டிக்கொடுக்காது என்பது முதல் பாதி. வழிவழியாக வரும் கதைகளில் அதற்கான குறிப்பு இருக்கலாம் என்பது இரண்டாம் பாதி. அந்த இரண்டாம் பாதிதான் டிஎம்முடைய வேலை, அதற்குப் புத்தகம் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்க வேண்டும். சாபத்தை ஒளித்து வைக்கலாம், ஆனால் கவனித்துப் பார்க்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் கையை நீட்டினால் அது அவன் எடுத்த முடிவு, காலத்துக்கும் மறக்க மாட்டான்.

கேடயத்தை நான் அந்தக் கல்லறையின் சிலைக்கூடத்தில் வைத்தேன். ஏழு சிலை, ஆறின் மேல் ஒரு கீறல் இல்லை. கேடயம் பிடித்த ஏழாவது சிலையின் தோள், தொடை, முகம் எல்லாம் அம்பு பட்டுப் பொத்தல், சிற்பியே அப்படித்தான் செதுக்கியிருக்கிறார், அதுதான் இறந்தவரின் பெருமை. எங்கள் குழுவின் வீரன் அதைப் பார்த்துவிட்டு, "மத்தவங்களுக்கு ஏன் ஒண்ணுமே படல?" என்று கேட்டான், கேட்டுவிட்டுத்தான் எடுத்தான். இரண்டு செஷன் கழித்து, ஒரு ஹிட் பாயிண்டோடு கிடந்த திருடனுக்குப் பக்கத்தில் போய் நின்று, அவளுக்கு வந்த நான்கு அம்பையும் தன் மேல் வாங்கினான். பகடையை நான் கை நடுங்கத்தான் உருட்டினேன்.

அத்தியாயத்தின் தொடக்கத்தில், 141ஆம் பக்கத்தை ஒட்டி, பொருளை யார் செய்தார்கள், அதன் சரித்திரம், சின்னக் குணம், விசித்திரப் பழக்கம் என்று நான்கு குட்டி அட்டவணை இருக்கும், அதையும் தாண்டிப் போகாதீர்கள். பயன்படுத்தும்போதெல்லாம் மணியோசை போலச் சத்தம் போடும் வாள், ஒரு நாளுக்குள் ரத்தம் காட்டாவிட்டால் வேலை செய்யாத மோதிரம் என்று சாதாரணப் பொருளையும் ஆபத்தாக்கிவிடலாம். டஞ்சனுக்கு 99ஆம் பக்கம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே பொருளுக்குக் கேட்கிறார்கள். இரண்டையும் புத்தகம் ஏன் சேர்த்துச் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பின்னால் இருக்கும் இண்டெக்ஸ் எழுத்தும் மிகச் சின்னது, அடிக்கடி தேடுகிற பக்கங்களுக்கு நான் வண்ணத்தாள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வாங்கலாமா என்றால், சொந்தமாக டஞ்சன் கட்டுகிற ஆசை இருந்தால் வாங்குங்கள், பழைய பிரதி கிடைத்தாலும் போதும், ஆனால் 2014 பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள். 384 பக்கம் கொண்ட 2024 பதிப்பு புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் இதைவிட மேல், ஆனால் பின்னிணைப்பு ஏ-யும், மிருகத்தை அடியிலிருந்து உருவாக்கும் பகுதியும் அதில் இல்லை. அச்சிட்ட கதைகளை மட்டும் நடத்துகிறவர்களுக்கு இரண்டுமே அவசரமில்லை.

எங்கள் கல்லறையில் இன்னும் ஓர் அறை பாக்கி. குலத்தலைவரின் பெரிய கல்லறை, நிலைக்குப் பகடை போட்டபோது 20 விழுந்தது. இடிந்தது, எரிந்தது, நனைந்தது என்று பதினொரு அறை பார்த்து வந்தவர்கள் போன சனிக்கிழமை அந்தக் கதவைத் திறந்தார்கள். விளக்குத் திரி புதிதாக இருக்கிறது, தரைவிரிப்பில் மடிப்புகூட இல்லை. ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "எல்லாம் சரியா இருக்குண்ணா, அதான் பயமா இருக்கு" என்றாள் திருடன். அங்கேயே நிறுத்தினோம்.